இத்ரியா பள்ளத்தாக்கு ஓபரா விழாவுக்குப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தெற்கு இத்தாலியின் புல்யா மாநிலத்தில், தாரந்தோவுக்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து 431 மீட்டர் உயர மேட்டில் இருக்கிறது மார்தீனா ஃபிராங்கா. ஊருக்குக் கீழே விரிவது இத்ரியா பள்ளத்தாக்கு. ஒலிவத் தோப்புகள், திராட்சைக் கொடிகள், சாந்து பூசாமல் கல்லை அடுக்கியே எழுப்பிய வரப்புச் சுவர்கள், கூம்புக் கூரை போட்ட த்ருல்லி வீடுகள். 1975 முதல் இங்கே கோடைதோறும் ஓபரா விழா நடக்கிறது. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் முதல் நாட்கள் வரை போகும்.

இது யாருக்கான விழா என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஆயிதா, தோஸ்கா, லா பொஹேம் போன்ற எல்லோரும் அறிந்த படைப்புகளைப் பெரிய திறந்தவெளியில் பார்க்க ஆசை என்றால் வெரோனா அரங்கத்துக்குப் போங்கள். தோஸ்கா, லா பொஹேம் இரண்டுக்கும் இசையமைத்த புச்சீனிதான் வேண்டும் என்றால் அவர் வாழ்ந்த தோர்ரே தெல் லாகோ ஏரிக்கரையில் 1930-இல் தொடங்கிய விழா இருக்கிறது. மார்தீனா ஃபிராங்காவின் வேலை வேறு. நூறு, இருநூறு ஆண்டுகளாக யாரும் மேடையேற்றாத ஓபராக்களையும், தெரிந்த ஓபராக்களின் தெரியாத வடிவங்களையும் வெட்டாமல் முழுதாகப் பாடுவதுதான் இங்கே மரபு. 1977-இல் பெல்லீனியின் நோர்மாவை இங்கே மேடையேற்றியபோது, வழக்கத்தைத் திருப்பிப் போட்டு, நோர்மா வேடத்தை மெஸ்ஸோ குரலான (சற்றே தாழ்ந்த பெண் குரல்) கிரேஸ் பம்ப்ரியும் அதல்ஜீசா வேடத்தை சோப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) லெல்லா கூபெர்லியும் பாடினார்கள். இசையமைப்பாளர் மெர்கதாந்தே 1831-இல் எழுதி, அவர் காலத்தில் மேடையே காணாத ஃபிரான்செஸ்கா தா ரிமினி முதன்முதலாக அரங்கேறியதும் இங்கேதான், 2016-இல். 2019-இல் மான்ஃபிரோச்சேயின் எகூபா. இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூடக் கேள்விப்பட்டதில்லையே என்று தயங்க வேண்டாம். வருகிறவர்களில் பலருக்கும் அதே நிலைதான்.

ஆகவே இந்தப் பயணத்தைத் திட்டமிடும் வரிசையும் வேறு. முதலில் ஓபராவைத் தேர்ந்தெடுங்கள். அதற்கேற்ற தேதி அடுத்தது. விமானம், அறை, கார் எல்லாம் அதற்குப் பிறகு. ஊர் சுற்ற வந்த இடத்தில் ஒரு மாலை கிடைத்தது என்று டிக்கெட் எடுப்பவர்கள், மூன்றரை மணி நேரம் புரியாத மொழியில் தெரியாத கதையைக் கேட்டுவிட்டு இரண்டாம் அங்கத்தில் எழுந்து போவது இப்படித்தான் நேர்கிறது.

எதைக் கேட்பது என்று முடிவு செய்தல்

நிகழ்ச்சி நிரல் விழாவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் வரும். அது வெளியானதும் முழு ஓபராக்களை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓபராவும் இரண்டு மூன்று இரவுகள்தான் நடக்கும், அதுவும் அடுத்தடுத்த நாட்களில் அல்ல. இரண்டு ஓபராக்களை அடுத்தடுத்த இரவுகளில் பார்க்க முடிகிற இடத்தைக் கண்டுபிடித்து, அவற்றின் முன்னும் பின்னும் ஒரு நாள் விட்டால் நான்கு இரவுத் தங்கல் கிடைக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு அதுவே சரியான அளவு. மூன்று இரவு தொடர்ந்து ஓபரா என்றால் மூன்றாவதன்று காது மரத்துப்போகும்.

தேர்வு செய்யும்போது ஒரு பரோக், ஒரு பெல்கான்தோ என்று கலந்தெடுங்கள். பரோக் என்றால் ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை. பெல்கான்தோ என்று இங்கே சொல்வது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ரொஸ்ஸீனி, பெல்லீனி, தொனித்ஸெத்தி காலத்துப் பாட்டு முறை. 1980 முதல் 1993 வரை விழாவின் கலை இயக்குநராக இருந்த விமர்சகர் ரொதோல்ஃபோ செல்லெத்தி, பழைய பாடும் முறையை மீட்பதையே தன் வேலையாகக் கொண்டிருந்தார். இளம் பாடகர்களுக்கான விழாவின் பயிற்சிக் கழகம் இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது. விழாவை நடத்தும் அறக்கட்டளை பாவ்லோ கிராஸ்ஸியின் பெயரைத் தாங்கியது. மிலானில் 1947-இல் பிக்கோலோ தெயாத்ரோ என்ற நாடக அரங்கை நிறுவியவர்களில் ஒருவர் அவர், பிறகு அதே நகரின் ஓபரா அரங்கமான லா ஸ்காலாவின் தலைமை நிர்வாகி. அவருடைய தந்தைவழி ஊர் மார்தீனா ஃபிராங்கா.

பட்டியலில் புல்யாக்காரர் ஒருவரின் படைப்பு இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட நேப்பிள்ஸ் இசைப்பள்ளியைக் கட்டியவர்களில் பலர் இந்த மண்ணிலிருந்து போன சிறுவர்கள். பிச்சீன்னி பாரியில் பிறந்தவர். பயிஸியெல்லோ தாரந்தோ. திராயெத்தா பித்தோந்தோ. லெயோனார்தோ லேயோ சான் வீத்தோ. மெர்கதாந்தே அல்தமூரா. பாடகர் ஃபாரினெல்லி அந்திரியாவில் பிறந்தவர். புல்யா அப்போது நேப்பிள்ஸ் அரசின் பகுதி. குரலோ கையோ நன்றாக இருந்த பையனை அங்கிருந்த இசைக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவருடைய இசையை அவர் பிறந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உட்கார்ந்து கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

காதைத் தயார் செய்தல்

இந்தப் பயணத்தில் அதிகப் பலன் தரும் வேலை இதுதான், செலவும் இல்லை. புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்.

முதல் இரண்டு வாரம் கதை. ஓபராவின் பாடல் வரிகள் அடங்கிய நூலை லிப்ரெத்தோ என்பார்கள். 18, 19-ஆம் நூற்றாண்டு லிப்ரெத்தோக்கள் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். யார் யாருடைய மகள், யாருக்கு யார்மேல் காதல், யார் மாறுவேடத்தில் இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பரோக் ஓபராவில் ஆண் வேடத்தைப் பெண் பாடுவதும், அந்த ஆண் கதைக்குள் பெண் வேடம் போடுவதும் சாதாரணம். தாள் இல்லாமல் போனால் முதல் அங்கத்திலேயே குழம்பிவிடும்.

அடுத்த இரண்டு வாரம் வடிவம். பரோக் ஓபரா இரண்டு பகுதிகளின் மாறி மாறி வரும் ஓட்டம். ரெச்சித்தாத்தீவோ என்பது பேச்சு நடையில் கதையை நகர்த்துவது, கூட ஹார்ப்ஸிகார்ட் என்ற பழைய விசைப்பலகைக் கருவியும் ஒரு செல்லோவும் மட்டும் இருக்கும். ஆரியா வந்ததும் கதை நின்றுவிடும், ஓர் உணர்ச்சி மட்டும் விரியும். பெரும்பாலான ஆரியாக்கள் தா காப்போ அமைப்பில் இருக்கும். முதல் பகுதி, அதற்கு மாறான இரண்டாம் பகுதி, மறுபடியும் முதல் பகுதி. மறுபடி வரும்போது பாடகர் தன் சொந்த அலங்காரங்களைச் சேர்ப்பார். நிரவலில் அதே வரி ஒவ்வொரு முறையும் வேறாக விரிவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதைப் பிடிப்பது கடினமே இல்லை. முதல் முறை மெட்டை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது எது கூடியது என்று கவனியுங்கள். "பாடினதையே பாடுகிறார்களே" என்று சலித்துக்கொள்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

19-ஆம் நூற்றாண்டு ஓபராவில் அமைப்பு வேறு. மெதுவான, நீண்ட மூச்சில் போகும் கந்தாபிலே முதலில். நடுவில் யாராவது ஒரு சேதியோடு ஓடிவருவார்கள். அதைக் கேட்டதும் வேகமான கபலெத்தா. கபலெத்தாவும் இரண்டு முறை வரும். பல அரங்குகளில் நேரம் மிச்சம் பிடிக்க இரண்டாவதை வெட்டிவிடுவார்கள். இங்கே வெட்டுவதில்லை என்பதுதான் பெருமையே.

கடைசி இரண்டு வாரம் ஒலிப்பதிவு. நீங்கள் பார்க்கப்போகும் ஓபராவுக்கே பதிவு இல்லாமல் போகலாம், புதிதாக மீட்டவை அப்படித்தான். அப்போது அதே இசையமைப்பாளரின் வேறு படைப்பைக் கேளுங்கள். இத்தாலிய நிறுவனமான டைனமிக் இந்த விழாவின் பல நிகழ்ச்சிகளைக் குறுந்தகடாகவும் டிவிடியாகவும் வெளியிட்டிருக்கிறது. அதில் ஒன்றைப் பார்த்தால் விழாவின் முக்கிய மேடையான அரண்மனை முற்றம் எப்படி இருக்கும் என்பதும் பிடிபடும்.

விசா, விமானம், ரயில்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்தாக வேண்டும். முடிவு வர வழக்கமாக 15 நாள், சிக்கலான விண்ணப்பத்துக்கு 45 நாள் வரை ஆகும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கோடைக்கு விண்ணப்ப மையங்களில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஜூலை விழாவுக்கு ஏப்ரலிலேயே தாள்களைக் கொடுத்துவிடுங்கள். ஓபரா டிக்கெட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள், பயணத்தின் நோக்கத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அருகில் இரண்டு விமான நிலையங்கள். பாரியிலிருந்து மார்தீனா ஃபிராங்கா சுமார் 75 கிலோமீட்டர், பிரிந்திசியிலிருந்து அதைவிடக் குறைவு. பாரி விமான நிலையத்திலிருந்து நகர மைய நிலையத்துக்கு ரயில் உண்டு. அங்கிருந்து மார்தீனாவுக்குப் போவது தென்கிழக்கு ரயில்வேயின் கிளைப்பாதை. அதன் நடைமேடைகள் மைய நிலையத்தின் தெற்குக் கோடியில் தனியாக இருக்கும். பெட்டியோடு வந்தவர்கள் முன்வாசலில் தேடிக்கொண்டிருந்தே வண்டியை விடுவார்கள், கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பாதை அல்பெரோபெல்லோ, லொகொரொதொந்தோ வழியாக மெதுவாகப் போகும். ஞாயிறு, விடுமுறை நாட்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடுவது உண்டு. பாதைப் பணி நடக்கும் நாட்களிலும் அப்படித்தான். புறப்படும் நாளின் அட்டவணையை அந்த வாரத்தில் மறுபடி ஒருமுறை பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இரவில் திரும்பும் ரயிலை மறந்துவிடுங்கள். ஓபரா ஒன்பது மணி அளவில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டித்தான் முடியும். அந்த நேரத்தில் எந்தப் பொது வண்டியும் கிடையாது. பாரியில் அறை எடுத்துக்கொண்டு மாலையில் வந்துபோகலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

எங்கே தங்குவது

கார் இல்லை என்றால் மார்தீனாவின் பழைய ஊருக்குள் தங்குங்கள். நிகழ்ச்சி முடிந்து ஐந்து நிமிடத்தில் படுக்கைக்குப் போய்விடலாம். வெள்ளையடித்த சந்துகள் சிக்கலானவை, எனவே வெளிச்சத்தில் ஒருமுறை அரண்மனைக்கும் அறைக்கும் நடந்து பார்த்து வையுங்கள்.

கார் இருந்தால் பள்ளத்தாக்கில் ஒரு த்ருல்லோ வீடோ மாசெரியாவோ எடுக்கலாம். மாசெரியா என்றால் சுற்றுச்சுவர் வைத்த பழைய பண்ணைவீடு. த்ருல்லோவின் தடித்த கல்சுவர் பகல் வெயிலை நன்றாகத் தாங்கும். சிக்கல் வெளியே. கல்வரப்புக்கு நடுவில் ஒரே ஒரு கார் போகும் அகலத்தில் பாதை, தெருவிளக்கு இல்லை, எதிரே வண்டி வந்தால் யாராவது பின்னால் போக வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு முதல்முறையாக அந்தப் பாதையைத் தேடக் கூடாது. இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்ல வேண்டும். பழைய ஊரின் உட்பகுதி போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வளையம். கேமரா எண்பலகையைப் படித்துக்கொள்ளும், அபராதம் மாதங்கள் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக வந்து சேரும். மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள்.

டிக்கெட்டும் இருக்கையும்

முக்கிய மேடை ரோமா சதுக்கத்தில் இருக்கும் துக்காலே அரண்மனையின் உள்முற்றம். 1668-இல் கராச்சியோலோ பிரபுக்கள் கட்டத் தொடங்கியது. நான்கு பக்கமும் கல்சுவர், மேலே வானம். மேடை அகலம் அதிகம், ஆழம் குறைவு. வழக்கமான ஓபரா அரங்கில் உள்ளது போல இசைக்குழு பள்ளத்துக்குள் மறைந்திருக்காது. மேடைக்கு முன்னால் ஏறக்குறைய உங்கள் மட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

இதனால் இருக்கைத் தேர்வில் ஒரு விஷயம் தலைகீழாகிறது. விலை கூடிய முதல் சில வரிசைகளில் வயலின்கள் காதை நிறைத்துவிடும், பாடகர் குரல் அவற்றின் மேலாகத் தாண்டி வர வேண்டியிருக்கும். நடு வரிசைகளில், மையத்திலிருந்து கொஞ்சம் விலகி உட்கார்ந்தால் இரண்டும் கலந்து வரும். கல்சுவர் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் பின்வரிசையும் மோசமில்லை, ஆனால் சொற்களின் தெளிவு அங்கே குறையும். பக்கவாட்டு ஓரங்களைத் தவிருங்கள். மேடை அகலமானதால் மறுகோடியில் நடப்பது சரியாகத் தெரியாது. கண்ணுக்காகப் போகிறவர் முன்னால் போகலாம், காதுக்காகப் போகிறவர் நடுவில். எங்கள் ஓட்டு நடுவுக்குத்தான்.

வாங்கும்போது மழை விதிமுறையைப் படித்துவிடுங்கள். இத்தாலியத் திறந்தவெளி அரங்குகளில் பொதுவான வழக்கம் இது: தொடங்கவே முடியாமல் போனால் பணமோ மாற்று நாளோ கிடைக்கும், தொடங்கிச் சிறிது போன பிறகு நின்றால் எதுவும் கிடைக்காது. மழை வந்தால் அறிவிப்பு வரும் வரை எழுந்து போகாதீர்கள். கோடை மழை அரை மணியில் விட்டுவிடும். டிக்கெட்டின் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஓபரா நாள், மணி வாரியாக

காலையில் வெளியே போக வேண்டியதை முடியுங்கள். ஜூலைப் பகலில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஒரு மணிக்குக் கடைகள் மூடிவிடும், மறுபடி திறக்க ஐந்து ஆகும். அந்த இடைவெளியில் தூங்குங்கள். தூங்காதவர்களுக்குப் பதினொன்றரை மணிக்குக் கண் சொருகும், நல்ல கபலெத்தாக்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

சாப்பாட்டு நேரம் இடிக்கும். உணவகங்களின் அடுப்பு ஏழரை, எட்டுக்குத்தான் பற்றும், ஒன்பதுக்குள் எழுந்து வருவது நடக்காத காரியம். முடிந்த பிறகோ பெரும்பாலான அடுப்புகள் அணைந்திருக்கும். எனவே மதியம் கனமாகச் சாப்பிட்டுவிட்டு, ஏழு மணிக்கு தராலி என்ற ஒலிவ எண்ணெய் வளையங்கள், புர்ராத்தா பாலாடைக்கட்டி, தக்காளி வைத்த ஃபிரிசெல்லே ரொட்டி என்று லேசாக முடியுங்கள். மதியத்துக்குச் சைவக்காரர்கள் கேட்க வேண்டியது ஃபாவே எ சிகோரியா, உலர்ந்த பெரிய மொச்சையை மசித்து, காட்டுக் கீரையோடு பரிமாறுவது. காது வடிவ ஒரெக்கியெத்தே பாஸ்தாவைத் தக்காளிச் சாறோடு கேளுங்கள். கீரை சேர்த்த வகையில் நெத்திலி மீன் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அசைவக்காரர்களுக்கு இந்த ஊரின் கபொகொல்லோ, பன்றிக் கழுத்திறைச்சியைப் பதப்படுத்திக் கருவாலிப் பட்டைப் புகையிட்டது, ஊரின் தனிப்பெருமை. வெள்ளை ஒயின் லொகொரொதொந்தோவில் விளைவது.

உடையில் கட்டாயம் எதுவும் இல்லை, நல்ல பருத்தியோ லினனோ போதும். காலணியில் மட்டும் கவனம். தெருவில் பாவியிருப்பது கியாங்கே என்ற சுண்ணாம்புக் கல் பலகை. நூற்றாண்டுகள் நடந்து நடந்து மெருகேறி வழுக்கும், பனி இறங்கினால் இன்னும் மோசம். உயர் குதிகால் வேண்டாம். ஒரு மெல்லிய சால்வையும் வையுங்கள். உயரமான ஊர், வடக்குக் காற்று அடித்தால் நள்ளிரவில் நடுங்கும். தற்காலிக நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார ஒரு சின்ன மெத்தை, கொசு மருந்து, சின்னத் தண்ணீர் பாட்டில். மருந்தை உள்ளே வந்து தெளிக்காமல் அறையிலேயே பூசிக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர் நன்றி சொல்வார்.

எட்டரைக்கு உட்கார்ந்துவிடுங்கள். அப்போதுதான் வெளிச்சம் இறங்கும், உழவாரன் குருவிகள் கூரைமேல் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். இசைக்குழு சுதி சேர்ப்பதைக் கவனியுங்கள். காற்று பலமாக இருந்தால் இசைத்தாள்களைக் கவ்விகள் போட்டு நிறுத்தியிருப்பார்கள். முற்றத்தில் மணிக்கு மணி வெப்பம் குறையும். காற்று குளிரக் குளிர ஊதுகருவிகளின் சுதி இறங்கும். உலோகத் தந்தி சுருங்கி ஏறும். இரண்டும் எதிர்த்திசையில் விலகுவதால் இடைவேளைக்குப் பிறகு சுதி சேர்க்க அதிக நேரம் ஆகும். விலங்குக் குடலில் செய்த தந்தி போட்ட பரோக் குழுவென்றால் ஈரமும் சேர்ந்து இம்சை செய்யும், அங்கத்துக்கு நடுவிலேகூட நின்று சேர்ப்பார்கள். பொறுமையாக இருங்கள், அதைச் செய்யாமல் தொடர்ந்தால்தான் குறை.

ஆரியா முடிந்ததும் கைதட்டலாம், இத்தாலியில் அது வழக்கம். பிடித்துப்போனால் "பிராவோ", பாடியது பெண் என்றால் "பிராவா", பலர் சேர்ந்து பாடினால் "பிராவி". கடைசிச் சுரம் அடங்கும் வரை மட்டும் பொறுத்திருங்கள்.

மாசெரியா கச்சேரிகள்

முழு ஓபராக்களுக்கு நடுவில் விழா பள்ளத்தாக்குக்குள் போகும். ஒலிவங்களின் பாடல் என்ற தலைப்பில் மாசெரியா முற்றங்களில் சிறு கச்சேரிகள் நடக்கும், ஒன்றிரண்டு குரல், ஒரு பியானோ அல்லது சில கருவிகள், ஒரு மணி நேரத்தை ஒட்டி முடியும். பாடகர் பத்தடித் தூரத்தில் நின்று பாடுவதால், மூச்சு எங்கே எடுக்கிறார், மெல்லொலியிலிருந்து வல்லொலிக்கு ஒரே சுரத்தை எப்படி வளர்த்துக் குறைக்கிறார் என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். பெல்கான்தோவைப் புரிந்துகொள்ள இதுதான் சிறந்த பள்ளி. ஓபராவுக்கு முந்தைய நாள் ஒன்றுக்குப் போய்விடுங்கள். இடங்கள் குறைவு, ஓபரா டிக்கெட் வாங்கும்போதே இதையும் சேர்த்து வாங்குங்கள்.

அங்கே போவதுதான் கஷ்டம். பேருந்து கிடையாது. மாசெரியாவின் பெயரை வரைபடத்தில் போட்டால் அதே பெயரில் வேறு பண்ணை காட்டுவது உண்டு, எனவே விழா அலுவலகம் தரும் முகவரியையோ இடக்குறியையோ மட்டும் நம்புங்கள். கார் இல்லாதவர்கள் தங்கும் இடத்தில் சொல்லி டாக்சி பேசும்போது, திரும்பி அழைத்துவர எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். தோப்பின் நடுவில் நின்று தொலைபேசியில் வண்டி தேடினால் கிடைக்காது.

போகும் வழியில் சாம்பல் நிறத்தில் காய்ந்து நிற்கும் ஒலிவ மரங்களைப் பார்த்தால் அது வறட்சி அல்ல. சைலெல்லா என்ற பாக்டீரியா. 2013-இல் தெற்கே கல்லிப்போலிப் பக்கம் கண்டறியப்பட்டு வடக்கு நோக்கி நகர்ந்தது, சாறு ஏறும் குழாய்களை அடைத்து மரத்தைக் கொல்கிறது. நூறாண்டு கடந்த மரங்கள் அப்படிப் போயின. தோப்புக்குள் இறங்கிக் கிளை ஒடிக்கவோ கன்றும் கட்டையும் ஊருக்கு எடுத்துவரவோ வேண்டாம்.

அடுத்த ஆண்டும் போகும் எண்ணம் வந்துவிட்டால், ஊரை விட்டுக் கிளம்பும் முன் அரண்மனையில் உள்ள டிக்கெட் அலுவலகத்தில் விழாவின் செய்திமடலுக்கு மின்னஞ்சலைப் பதிந்துவிட்டு வாருங்கள். புதிய நிரல் வந்ததும் தகவல் வரும், நடு வரிசைகள் காலியாவதற்கு முன்பே பதிவு செய்துவிடலாம்.